மலையில் அணை, கணக்கு கடைமடையிலிருந்து

மலைப் பள்ளத்தாக்கில் ஒரு நீர்த்தேக்கம், அதிலிருந்து ஒரு பாசன வாய்க்கால் என்று திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அணை கட்டும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பள்ளத்தாக்கு எங்கே குறுகுகிறது, எவ்வளவு உயரம் எழுப்பலாம், எத்தனை டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) தேங்கும், அதை வகுத்தால் எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம். இந்த வரிசையில் போனால் அறிக்கையில் ஆயக்கட்டு பெருத்துக்கொண்டே போகும், கடைசி மதகில் தண்ணீர் இளைத்துக்கொண்டே வரும். சந்தேகம் இருந்தால் காவிரியின் கடைமடையில், பேராவூரணிப் பக்கமோ வேதாரண்யம் பக்கமோ விசாரித்துப் பாருங்கள். காவிரிப் படுகையில் அணையைப் பற்றிய பேச்சு எல்லாமே வாலிலிருந்து தலைக்குத்தான் போகும். மலைத் திட்டத்துக்கும் அதே வரிசைதான் சரி.

பேச வசதியாக ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் ஒரு பள்ளத்தாக்கு. நீர்ப்பிடிப்பு 60 சதுர கிலோமீட்டர். கீழே 3,000 ஏக்கரில் ஒருபோக நெல். எண்களை உங்கள் இடத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வாய்பாடு. விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. அது ஏறத்தாழ 24 ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும். ஒரு டி.எம்.சி. என்றால் விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் ஓடுவது. இந்த இரண்டும் மனப்பாடமாக இருந்தால் எந்தத் திட்ட அறிக்கையையும் கையில் பேனா வைத்துக்கொண்டு படிக்கலாம்.

நெல்லுக்கு மொத்தத் தேவை 1,200 மி.மீ. என்று வைத்து, அதில் 400 மி.மீ.யை வடகிழக்குப் பருவமழை தரும் என்று கழித்தால், வாய்க்கால் தர வேண்டியது 800 மி.மீ. 3,000 ஏக்கருக்கு 97 லட்சம் கன மீட்டர். அறிக்கைகள் பெரும்பாலும் இந்தப் பருவ மொத்தத்தோடு நின்றுவிடும். வாய்க்காலின் அகலத்தைத் தீர்மானிப்பது இந்த மொத்தம் இல்லை, சேற்றுழவு நடக்கும் அந்த இரண்டு மூன்று வாரம்தான். தரிசாகக் கிடந்த வயலை ஊறவைத்து உழுது பரம்படிக்க 8 அங்குலம் வேண்டும். ஊரே 20 நாளில் நட்டு முடிக்க நினைத்தால் தினம் 150 ஏக்கருக்கு 8 அங்குலம், அதாவது 1,200 ஏக்கர்-அங்குலம். 24ஆல் வகுத்தால் விநாடிக்கு 50 கன அடி (இனி ஓட்டமெல்லாம் விநாடிக் கணக்குத்தான்). இதோடு முடியவில்லை. ஏற்கெனவே நட்ட வயலில் பயிர் குடிப்பதும் கீழே கசிவதும் சேர்ந்து தினம் 10 மி.மீ. போகும். 20ஆம் நாளில் ஏறக்குறைய மொத்த 3,000 ஏக்கருமே நட்ட வயல், அதற்கு இன்னொரு 50 கன அடி. ஆக வயல் வாயிலில் 100 கன அடி வேண்டும். வழியில் நூற்றுக்கு 40 போகும் என்றால் வாய்க்கால் தொடங்கும் தலைமதகில் 165 கன அடி. உழவை 40 நாளுக்குப் பரப்பினால் அதே ஆயக்கட்டுக்குத் தலைமதகில் 125 கன அடி போதும். வித்தியாசமான அந்த 40 கன அடி, மலைச்சரிவில் பாறை உடைத்து வெட்டும் வாய்க்காலில் பெரும் பணம். சமுதாய நாற்றங்காலும், மேல்மடை கீழ்மடை என்று நடவுத் தேதியைப் பிரித்து ஊர்க்கூட்டத்தில் எழுதி வாங்குவதும் எவ்வளவு சிமென்டை மிச்சப்படுத்தும் என்று அறிக்கை எழுதுபவர்கள் யோசிப்பதில்லை.

வழியில் போகும் 40 எங்கே போகிறது? காரை பூசாத மண் வாய்க்காலில் நனையும் பரப்பு பத்து லட்சம் சதுர மீட்டருக்கு விநாடிக்கு 1.8 முதல் 2.5 கன மீட்டர் வரை கசிவு வைப்பது வழக்கம். காங்கிரீட் பூச்சு இருந்தால் 0.6. நம் வாய்க்கால் 20 கி.மீ. நீளம், நனையும் சுற்று 8 மீட்டர் என்றால் 1,60,000 சதுர மீட்டர். 2.4 வீதம் போட்டால் 0.38 கன மீட்டர், அதாவது 13 கன அடிக்கு மேல். 165 ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது. பருவத்தின் கடைசியில் 50 கன அடி மட்டும் திறக்கும்போதும் கசிவு ஏறக்குறைய அதே 13தான். நாலில் ஒரு பங்கு மண்ணுக்குள். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் கடைமடை காய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம், எல்லாவற்றையும் தலைமடைக்காரர் தலையில் கட்ட முடியாது.

அதனால்தான் குறைந்த தண்ணீரைத் தொடர்ந்து விடுவதைவிட, முறை வைத்து நிறைய விடுவது நல்லது. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் காவிரிக்கு ஆறு நாள், வெண்ணாற்றுக்கு ஆறு நாள் என்று மாற்றி மாற்றி விடுவதன் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குத்தான். ஆனால் முறைப்பாசனம் வேண்டுமென்றால் அதைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். பாதி நாள் மட்டும் ஓடும் கிளை வாய்க்காலுக்கு இரட்டிப்புக் கொள்ளளவு வேண்டும். ஒவ்வொரு கிளைத் தலைப்பிலும் அடைக்கக்கூடிய ஷட்டர், அதற்குக் கீழே ஓட்டத்தை அளக்க அளவுக்கல் வேண்டும். தொடர் ஓட்டத்துக்கு வெட்டிய வாய்க்காலில் பிற்பாடு முறை வைத்தால் கரை வழியும், அல்லது முறை முடிவதற்குள் தண்ணீர் வால் போய்ச் சேராது.

இப்போதுதான் மலைக்குப் போக வேண்டும். வயலுக்கு 97 லட்சம் என்றால், வழிச்சேதத்தோடு தலைமதகில் 162 லட்சம் கன மீட்டர், அதாவது 0.57 டி.எம்.சி. பள்ளத்தாக்கு இதைத் தருமா?

மழைமானி எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சாலை போகும் இடத்தில், பயணியர் விடுதி வாசலில்தான் பெரும்பாலும் இருக்கும். மலையில் சில கிலோமீட்டருக்குள் மழை பாதியாகும், இரட்டிப்பும் ஆகும். குடகின் மேற்கு விளிம்பில் ஆயிரக்கணக்கான மி.மீ. கொட்டும் அதே காவிரி, மைசூர் வருவதற்குள் ஆண்டுக்கு 800 மி.மீ. அளவில் பெய்யும் நாட்டுக்குள் இறங்கிவிடுகிறது. ஒரே மானியின் எண்ணை 60 சதுர கிலோமீட்டருக்கும் பரப்புவது தப்பு. முகட்டில் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, அணை இடத்தில் ஒன்று, இவற்றோடு ஓடையில் அளவுகோலும் வாரம் ஒருமுறை நீரோட்ட அளவீடும் குறைந்தது மூன்று பருவமாவது ஓட வேண்டும். அந்தக் குறுகிய பதிவை அருகிலுள்ள நீண்டகால மழைப்பதிவோடு பொருத்தி, பழைய ஆண்டுகளின் வரத்தை மதிப்பிடலாம்.

பிறகு நம்பகம். 39 ஆண்டு வரத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால், 30ஆவது இடத்தில் இருப்பதுதான் 75 சதவீத நம்பக வரத்து. நாலு வருஷத்தில் மூன்று வருஷம் அந்த அளவாவது வரும் என்று பொருள். பாசனத்துக்கு இதுதான் வழக்கமான அளவுகோல். காவிரி நடுவர் மன்றம் ஆற்றின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று எடுத்தது 50 சதவீத நம்பகத்தில், அதாவது இரண்டில் ஒரு வருஷம் அந்த அளவு வராது. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி தீர்ப்பில், மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று ஆன பிறகும், மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்று சண்டை வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் 'சராசரி வரத்து' என்ற சொல் வந்தால் பேனாவால் சுழித்து வையுங்கள்.

நம் பள்ளத்தாக்கில் 75 சதவீத ஆண்டில் 600 மி.மீ. வழிந்தோடும் என்று கொண்டால் 360 லட்சம் கன மீட்டர் வரத்து. அதை அப்படியே வகுத்தால் 6,600 ஏக்கர் என்று வரும், செய்திக்குறிப்பிலும் அதுதான் வரும். ஆனால் ஓடைக்குக் கீழே ஏற்கெனவே பாயும் அணைக்கட்டுகள், ஏரிகள், குடிநீர்க் கிணறுகள் உண்டு. ஓடைக்கும் கொஞ்சம் ஓட வேண்டும். தேக்கப் பரப்பு 1.5 சதுர கி.மீ. என்றால் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வெயில் குடிக்கும். பெருமழை நாளில் வருவது உபரிநீர் வழியான கலிங்கில் போய்விடும், பிடிக்க முடியாது. இவ்வளவும் கழித்து மாத வாரியாக வரவு செலவு எழுதிப் பார்த்தால் 3,000 என்பதே கண்ணியமான எண்ணாக இருக்கும்.

தேக்கக் கொள்ளளவை உயரத்தைப் பார்த்து மதிப்பிடக் கூடாது. பள்ளத்தாக்கு கீழே குறுகி மேலே விரிவது. மேட்டூர் 120 அடியில் 93.47 டி.எம்.சி.; 100 அடியில் 65 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் கீழே. மேல் 20 அடியில் மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 'பாதி அணை இருக்கிறது' என்று 60 அடியில் சொன்னால் உண்மையில் இருப்பது கால்வாசி சொச்சம். ஆகவே சம உயரக்கோட்டு வரைபடம் தேக்கத்துக்குள் 2 மீட்டர் இடைவெளிக்கு மேல் போகக் கூடாது. அடுத்தடுத்த இரு கோடுகளின் பரப்பையும், அவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தையும் கூட்டி, உயர வித்தியாசத்தால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் அந்த அடுக்கின் கொள்ளளவு. இதிலிருந்து வரும் வளைகோடு இல்லாமல் முழு நீர்மட்டத்தை நிர்ணயிப்பது குருட்டு வேலை. கொஞ்சம் தாழ்த்திக் கட்டினால் என்ன என்று செலவுக் கூட்டத்தில் கேட்பார்கள். தாழ்த்தும் இரண்டு மீட்டரில் ஒரு போகமே போகும்.

அடியிலும் கழிக்க வேண்டியது உண்டு. மதகின் வாய்மட்டத்துக்குக் கீழே இருப்பது கணக்கில் மட்டுமே தண்ணீர். முல்லைப் பெரியாற்றில் 104 அடிக்குக் கீழே இறங்கினால் சுரங்கம் வழியே தேனிப் பக்கம் வராது. பவானிசாகரில் 120 அடியில் சகதிக்கென்று 15 அடியைக் கழித்து 105 அடி என்றுதான் பேசுவார்கள், அது நல்ல பழக்கம்.

வண்டலைப் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேசலாம், மலைத் தேக்கங்களை உண்மையில் கொல்வது அதுதான். சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 1,000 கன மீட்டர் என்று எடுத்தால் நமக்கு ஆண்டுக்கு 60,000, ஐம்பது ஆண்டில் 30 லட்சம் கன மீட்டர். எல்லாம் அடியில் போய்ச் சமமாகப் படியும், அதற்குத்தான் அடித்தேக்கம் இருக்கிறதே என்று நினைப்பது பழைய தவறு. பருமணலும் சரளையும் ஓடை தேக்கத்துக்குள் நுழையும் இடத்திலேயே படிந்து மேடு கட்டும், நாம் பாசனத்துக்கு நம்பியிருக்கும் மேல் அடுக்கைத்தான் அது முதலில் தின்னும். நைசான சேறு மட்டும் அணை வரை வந்து மதகு வாயை அடைக்கும். ஐம்பது ஆண்டுப் படிவை ஒவ்வொரு மட்டத்துக்கும் பங்கிட்டுக் கொள்ளளவு வளைகோட்டைத் திரும்ப வரைந்து, அப்போது அணை முகத்தில் சேறு எந்த மட்டத்தில் நிற்கும் என்று பார்த்து, மதகு வாயை அதற்கு மேலே வையுங்கள். நீர்ப்பிடிப்பில் என்ன பயிர் என்பதும் முக்கியம். நீலகிரியில் செங்குத்துச் சரிவில் உருளைக்கிழங்கும் காரட்டும் போடும் நிலங்களுக்குக் கீழே இருக்கும் குந்தா போன்ற தேக்கங்கள் சேற்றால் பட்ட பாடு தெரிந்ததே. அணை வேலைக்காகப் போடும் மலைச்சாலையே முதல் சில ஆண்டுகளில் அதிக மண்ணை இறக்கும். சாலை வெட்டிய மண்ணை ஓடைப் பக்கம் தள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் தேக்கத்தில்தான் வந்து சேரும். கீழே எங்கள் படுகையை உருவாக்கியதே காவிரி கொண்டுவந்த வண்டல்தான். 1934க்குப் பிறகு அதில் பெரும்பகுதி மேட்டூருக்குள் தங்கிவிடுகிறது. வயலுக்குத் தண்ணீர் வருகிறது, வண்டல் வருவதில்லை என்பது இங்கே பழகிப்போன குறை.

அணை இடம். குறுகலான வாயைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். ஓடைப் படுகைக்கு அடியில் சரளை எவ்வளவு ஆழம், பாறை எந்த மட்டத்தில், இரு தோள்களிலும் பாறைப் பிளவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று துளையிட்டுத்தான் தெரியும். ஒவ்வொரு துளையிலும் நீரழுத்தச் சோதனை வேண்டும். 5 லுஜானுக்கு மேல் (பாறை தண்ணீர் குடிக்கும் அளவைக் காட்டும் அலகு) குடித்தால் சிமென்ட் பால் செலுத்தி அடைக்க வேண்டும், அந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே போடுங்கள். தோளில் தெரிவது உறுதியான மலையா, மேலிருந்து சரிந்து வந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த குவியலா? அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், மழைக்குப் பின் திடீரென்று கிளம்பும் ஊற்றுகள் இருந்தால் குவியல்தான். தேக்கத்தின் சுற்றுக்கரை முழுவதும் இதே கேள்வி. 1963இல் இத்தாலியின் வயோந்தில் மலைச்சரிவு ஒன்று மொத்தமாகத் தேக்கத்துக்குள் இறங்கியது. அலை அணையைத் தாண்டிப் போய் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள், அணை இன்றும் நிற்கிறது.

மண்ணணை என்றால் நடுவில் களிமண், அதன் கீழ்ப்பக்கம் செங்குத்தாக மணல் வடிகட்டி, அடியில் வடிகால் அடுக்கு. களிமண் 20 செ.மீ. அடுக்காகக் கொட்டி 15க்கு இறுக வேண்டும். ஈரம் சரியான அளவிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. மழை பெய்த மறுநாள் 'இன்றைக்கே ரோலர் ஓட்டிவிடலாம்' என்பார் ஒப்பந்தக்காரர், விடாதீர்கள். கசிவால் உடையும் மண்ணணைகளில் பல உடைவது உடலில் இல்லை, மதகுக் குழாய் அணையைத் துளைத்துப் போகும் இடத்தில். குழாயை ஒட்டி ரோலர் போகாது, கையால் இடித்த மண்ணில் நூலிழை வழி கிடைத்தால் தண்ணீர் அதைக் கையகலமாக்கும். குழாயைப் பாறையில் வெட்டிய பள்ளத்தில் பதித்து, அணையின் கீழ்ப்பக்கப் பகுதியில் மட்டும் அதைச் சுற்றி வடிகட்டி மணல் போட்டால் பாதித் தலைவலி போகும்.

உபரிநீர் வழிக்குப் பழைய சூத்திரத்தை நம்ப வேண்டாம். நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை மலைக்குரிய 10.2ஆல் பெருக்கும் ரைவ்ஸ் முறையில் 60 சதுர கிலோமீட்டருக்கு விநாடிக்கு 156 கன மீட்டர் வருகிறது. ஒரு நாளில் 400 மி.மீ. கொட்டி அதில் 300 வழிந்து, 18 மணி நேரத்தில் ஏறி இறங்கினால் உச்சம் 550. எது சரி என்று வாதிட வேண்டியதில்லை. இந்திய நியமப்படி கொள்ளளவு ஒரு கோடி கன மீட்டரையோ நீர்த்தலை (அணையின் மேல், கீழ் நீர்மட்ட வித்தியாசம்) 12 மீட்டரையோ தாண்டினாலே, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் போதாது, அந்தப் பகுதியின் மிகக் கடுமையான மழையிலிருந்து கணக்கிடும் நியம வடிவமைப்பு வெள்ளத்துக்குப் போக வேண்டும். கலிங்கின் மேல் 2 மீட்டர் ஆழம் ஓடவிட்டால் மீட்டருக்கு ஏறக்குறைய 6 கன மீட்டர் போகும், ஆக 550க்கு 92 மீட்டர் நீளம். அணையில் இடமில்லையா? சுற்றிலும் தாழ்ந்த கணவாய் இருக்கிறதா என்று தேடுங்கள். மேட்டூரின் 16 கண் மதகு அணையோடு சேராமல் தனியாக ஒரு தாழ்விடத்தில் இருப்பது அப்படித்தான். சிறிய மலை அணைக்கு ஷட்டர் வைக்காத கலிங்கே மேல். நள்ளிரவு மழையில், மின்சாரம் போன நேரத்தில் யாரும் வந்து திறக்க வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் வெள்ளத்தில் உடைந்து போனதைப் பார்த்தவர்களுக்குக் கீழே இருக்கும் பழைய கட்டுமானங்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்லித்தர வேண்டாம்.

மலைச்சரிவில் வெட்டும் வாய்க்காலில் கசிவைவிடக் குறுக்கே இறங்கும் காட்டோடைகள் தொல்லை. ஒவ்வொன்றுக்கும் மேல்பாலமோ கீழ்க்குழாயோ வேண்டும். ஒன்றை விட்டால் முதல் பெருமழையில் ஓடை வாய்க்காலுக்குள் இறங்கிக் கீழ்க்கரையை அறுக்கும். கல்லணைக் கால்வாய் 1930களில் மேட்டு நிலத்தின் வழியே புதிதாக வெட்டப்பட்டதால் காட்டாறுகளைக் கடந்துகொண்டே போக வேண்டியிருந்தது. படுகையின் இயற்கை ஆறுகளுக்கு அந்த வேலை இல்லை. மண் குவியல் உள்ள சரிவில் திறந்த வாய்க்காலை விட்டுக் குழாயாகவே கொண்டுபோவது முதலில் செலவு, பிறகு நிம்மதி.

அனுமதிகள், நிலம், காட்டு உரிமைக்கான கிராமசபை ஒப்புதல் எல்லாம் வழக்கறிஞரோடு பேச வேண்டியவை. ஒன்று மட்டும்: அந்த ஓடை காவிரியில் கலக்கிறது என்றால், 1892 சென்னை-மைசூர் ஒப்பந்தத்திலிருந்து நடக்கும் தகராறில் நீங்களும் ஒரு கட்சி. ஜூன், ஜூலையில் வரும் முதல் வெள்ளத்தை மேலே யார் பிடித்தாலும் கீழே ஜூனில் தொடங்கும் குறுவை நெல்லுக்குத்தான் அடி. 2023இல் மேட்டூர் 100 அடிக்கு மேல் இருக்க ஜூன் 12 அன்று திறந்தும், வரத்து ஏமாற்றியதால் அக்டோபர் 10இல் மூட வேண்டியதாயிற்று. திறக்கும் தேதியை இருப்பை மட்டும் பார்த்து முடிவு செய்தால் உங்கள் 3,000 ஏக்கரிலும் இதுவேதான் நடக்கும். இருப்பு இவ்வளவு, அதன் மேல் 75 சதவீத வரத்து இவ்வளவு, ஆகவே இத்தனை ஏக்கருக்கு மட்டும் நடவு என்று ஒரு அட்டவணையைத் திறப்புக்கு முன்பே ஊர் ஊராக ஒட்டிவிட வேண்டும்.

கடைசியாக, முதல் நிரப்பு. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் இடாஹோவில் டீட்டன் அணை முதல்முறை நிரம்பும்போதே உடைந்தது. நாளுக்கு ஓர் அடி ஏற வேண்டிய மட்டம் மூன்று நாலு அடி வரை ஏறியது, முக்கிய வெளியேற்று மதகு வேலை முடியாததால் ஏற்றத்தைத் தடுக்க வழியில்லை. அதனால் அடிமதகும் அதன் அவசர ஷட்டரும் ஓடிக் காட்டாமல் ஓடையை அடைக்க அனுமதிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு, முழு மட்டம் என்று மூன்று இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் கசிவை அளக்க வேண்டும். அணையின் அடியில் முக்கோண வெட்டு உள்ள தகடு வைத்த சின்னத் தொட்டி போதும். மட்டம் ஏறும்போது கசிவும் ஏறும், அது பரவாயில்லை. மட்டம் நிற்கும்போதும் கசிவு ஏறினாலோ, கண்ணாடிக் குவளையில் பிடித்த தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ உள்ளே மண் கரைகிறது. அன்றைக்கே அடிமதகைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள், ஆனால் நாளுக்கு ஓர் அடிக்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் ஈரம் வடியாத மேல்முகச் சரிவு சரியும். கசிவு குவளை அளவைத் தாண்டிக் கைமீறிக் கொப்பளிக்கும் நிலை வந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் முழுக்கத் திறந்து, கீழே இருக்கும் ஊர்களை முதலில் காலி செய்யச் சொல்லுங்கள்.